செப்புத் தகடும் இரண்டு பெட்டிக் குண்டுகளும்

1

பிரிஸ்பேனில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டின் பக்கக் கதவருகே, கைக்கு எட்டும் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு பதித்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு கம்பி சுவரோடு இறங்கி மண்ணுக்குள் போகிறது. வீட்டுக்கு வரும் தமிழர்கள் வாஸ்துவா என்று கேட்பார்கள். வெள்ளைக்காரர்கள் அழைப்பு மணி என்று நினைத்து அழுத்திப் பார்ப்பார்கள். சிவகாசிப் பக்கத்து ஆள் யாராவது வந்தால் ஒன்றும் கேட்கமாட்டார், தொட்டுவிட்டு உள்ளே போவார். அப்படி ஒருவர் இதுவரை வரவில்லை.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைகளின் வாசலில் இந்தத் தகடு இருக்கும். மருந்து என்று நாங்கள் சொல்வது வெடிமருந்தை. உடம்பிலும் துணியிலும் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும் என்பதற்காக, உள்ளே போகிறவர்கள் தகட்டைத் தொட்டுவிட்டுப் போவார்கள். என் மனைவி பேச்சியம்மாளின் அண்ணன் கருப்பசாமி, சாத்தூர்ப் பக்கம் ஓர் ஆலையில் அப்படிப்பட்ட அறையில் வேலை பார்த்தவர். தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த ஒரு காலையில் அந்த அறையோடு போய்விட்டார். அப்போது எங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

இன்று அவருடைய நினைவு நாள். பேச்சி விடிந்ததிலிருந்து காராச்சேவு தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அண்ணனுக்குப் பிடித்தது. அந்த எண்ணெய் வாசனையில் உட்கார்ந்துதான் இந்தக் குறிப்பை எழுதத் தொடங்குகிறேன்.

2

சிவகாசியில் நான் அச்சகத்தில் இருந்தவன். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஓட்டும் ஆப்செட் மெஷின். நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காருகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது என் வேலை. இங்கே வந்தும் அதே வேலைதான். சரவெடி லேபிளுக்குப் பதிலாக காலை உணவு டப்பாக்களின் அட்டை. மகள் நித்யாவைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

பள்ளியின் கடைசி ஆண்டுகளில் அவளை ஒரு தோழி ரைபிள் கிளப்புக்குக் கூட்டிப்போனாள். மற்ற தமிழ்ப் பிள்ளைகள் வீணைக்கும் டென்னிசுக்கும் போய்க்கொண்டிருந்த சனிக்கிழமைகளில், என் மகள் புல்வெளியில் குப்புறப் படுத்து, ஆயிரம் கெஜம் தள்ளி நிற்கும் காகிதத்தைச் சுட்டுக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், ஆனைக்குட்டம் அணையின் கரையில் ஒரு கோடியில் படுத்துக்கொண்டு, பார்வைக்குப் புள்ளியாகிவிடும் தூரத்தில் ஒரு தட்டைக் குறிபார்ப்பது மாதிரி. சத்தத்துக்காகவோ வேட்டைக்காகவோ அல்ல. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போடுவதுதான் ஆட்டம்.

அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பெற்றோர் சம்மதம், கிளப்பின் கடிதம், பாதுகாப்பு வகுப்பு. கடைசியாக ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து, துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டியைத் தரையோடு முடுக்கியிருக்கிறோமா என்று இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். பேச்சி அவருக்குக் காபியும் முறுக்கும் கொடுத்தாள். முறுக்கைக் கடிக்க முடியாமல் அவர் பட்ட பாட்டைத்தான் அன்று முழுதும் சொல்லிச் சிரித்தாள். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“பயமா இல்லையா?” என்றேன்.

“அதுல என்ன இருக்கு? இரும்புதான.”

அவளுக்குப் பயம் வேறு ஒன்றிடம். ஒருநாள் நித்யா வெயிலில் கறுத்துப்போய் வந்து, “அம்மா, இன்னைக்கு நான் சூப்பரா வெடிச்சேன்” என்றாள். பேச்சி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அந்த வார்த்தையச் சொல்லாதடி. சுட்டேன்னு சொல்லு.”

“சுட்டேன்னா தோசை தானேம்மா?”

நான் சிரித்தேன். பேச்சி சிரிக்கவில்லை.

3

இந்தத் தூரத்துக்குச் சுடுகிறவர்கள் கடைத் தோட்டாவைப் பெரும்பாலும் நம்புவதில்லை, தாங்களே தயாரித்துக்கொள்வார்கள். தோட்டாவில் நாலு பொருள் உண்டு. பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி விடும் கேப்பு, கூட்டுக்குள் மருந்து, கூட்டின் வாயில் செருகிய குண்டு. சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டும். அது வெறும் ஈயமும் மேலே செம்புத் தோலும். அடுப்பில் விழுந்தாலும் உருகுமே தவிர வெடிக்காது. இதைப் பேச்சியிடம் விளக்கிச் சொன்னேன். யோசித்தாள். குண்டு மட்டும் சமையலறை மேசைக்கு வரலாம் என்றாள். மருந்தும் கேப்பும் வரக்கூடாது. தயாரிக்கிற வேலையை நித்யா, கிளப்பின் மூத்த உறுப்பினர் கீத் என்பவர் வீட்டு கராஜில் செய்துகொண்டாள். கீத் ஓய்வுபெற்ற தபால்காரர், மனைவியை இழந்தவர்.

அப்படித்தான் குண்டுகளை ஒப்பிடும் வேலை எனக்கு வந்தது. போட்டிக்கென்றே செய்யப்படும் குண்டுகளில் இரண்டு வகையை அவள் கொண்டுவந்தாள். ஒன்று பச்சைப் பெட்டி, மற்றது மஞ்சள் பெட்டி. இரண்டும் ஒரே எடை, பத்து கிராம் சொச்சம். பச்சைப் பெட்டிக் குண்டு பழைய அச்சு, மூக்கு கொஞ்சம் மொண்ணை. மஞ்சள் பெட்டிக் குண்டு புதிது, நீண்ட கூர்மையான மூக்கு. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், பக்கக் காற்று அவ்வளவாகத் தள்ளாது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. ஆயிரம் கெஜம் போய்ச்சேரக் குண்டுக்கு ஒன்றரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் காற்று செய்கிற வேலைதான் போட்டியே.

வெள்ளிக்கிழமை மாலைகளில் நானும் அவளும் எதிரெதிரே உட்காருவோம். நான் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை சொல்வேன், அவள் கிண்ணங்களில் பிரித்துப் போடுவாள். பிறகு வெர்னியர் அளவுகோல். குண்டின் நுனி சின்னத் துளையோடு பிசிறாக முடிவதால் மொத்த நீளத்தை அளப்பதில் பயனில்லை. மூக்கின் வளைவு தொடங்கும் தோளிலிருந்து அடிவரைக்கும் அளக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது நித்யா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பள்ளிக்கூட விஷயம், தோழிகள் விஷயம் எதையும் எங்களிடம் சொல்லாத பெண், குண்டு பிரிக்கும்போது மட்டும் தமிழும் ஆங்கிலமுமாக என்னென்னவோ பேசுவாள். பேச்சி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

சில வாரங்களில் என் தீர்ப்பைச் சொன்னேன். மஞ்சள் பெட்டிதான். எடையில் மயிரிழை வித்தியாசம் இல்லை, தோள் எல்லாம் ஒரே இடத்தில். பச்சைப் பெட்டியில் பிசகு அதிகம், ஒரு பெட்டிக்கு மூன்று கிண்ணம் தேவைப்பட்டது.

நித்யா ஒரு குண்டை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே சொன்னாள். “தராசு சொல்றது சரிதான்ப்பா. துப்பாக்கி பேரல் என்ன சொல்லுதுன்னு தெரியணும்ல?”

அந்த நீண்ட மூக்கு, கூட்டில் எவ்வளவு ஆழம் உட்காருகிறது என்பதைப் பொறுத்துக் குணம் மாறுமாம். காகிதக் கனம் உள்ளே போனால் ஒரு மாதிரி, வெளியே வந்தால் வேறு மாதிரி. பச்சைப் பெட்டிக்கு அந்தப் பிகு கிடையாது, எப்படி வைத்தாலும் ஒழுங்காகப் போகும். எது நல்லது என்று சொல்ல, மருந்து போட்டு, ஆழத்தை மாற்றி மாற்றிச் செருகிச் சுட்டுப் பார்க்க வேண்டும்.

“அத நம்ம ஷெட்லயே செய்யலாமாப்பா? நீங்க அளந்து சொல்லுங்க, நான் செருகுறேன். ஒரு சின்ன மேசை போதும்.”

எனக்கும் ஆசைதான். பேச்சியைப் பார்த்தேன்.

4

“மருந்து இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது” என்றாள் பேச்சி.

“வீடு இல்லம்மா, ஷெட்.”

“ஷெட்டும் வீடுதான்.”

நித்யா பொறுமையாகத்தான் பேசினாள். துப்பாக்கி மருந்து பட்டாசு மருந்து மாதிரி இல்லை, உரசினாலெல்லாம் பிடிக்காது, வெட்டவெளியில் கொளுத்தினால் கற்பூரம் மாதிரி எரிந்து அணைந்துவிடும், சட்டப்படி எல்லாரும் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்றாள். அவள் சொன்னது உண்மை. எனக்கும் தெரியும்.

“எங்க அண்ணன் வேலை முடிஞ்சு வந்தா, சட்டைய வேலியிலயே கழட்டிப் போட்டுட்டு, பம்புசெட்டுல குளிச்சிட்டுத்தான் வாசப்படி மிதிக்கும். ஒரு பொடி வீட்டுக்குள்ள வந்ததில்ல. அம்புட்டு சுத்தமா இருந்த ஆளுக்கே என்ன ஆச்சு? நான் இருக்குற எடத்துல வேண்டாம். என்னங்க, நீங்க சொல்லுங்க.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெர்னியரைத் துடைத்து அதன் உறைக்குள் வைத்தேன். “பாப்போம்” என்றேன். எங்கள் வீட்டில் பாப்போம் என்றால் இல்லை என்று பொருள். அது நித்யாவுக்கும் தெரியும்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவள் கீத் வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். ஒப்பிடும் வேலை அங்கே நடந்தது. நான் மட்டும் மஞ்சள் பெட்டிக் குண்டுகளை எடை பிரித்து, பெட்டிமேல் என் கையெழுத்தில் எடையும் தோள் அளவும் எழுதிக் கொடுத்துவிடுவேன். “தேங்க்ஸ்ப்பா” என்று வாங்கிக்கொள்வாள். மாநில அணியில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதை, கிளப்பிலிருந்து வந்த பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

5

அவள் பள்ளி முடித்த விடுமுறையில் ஊருக்குப் போனோம். ஆனைக்குட்டத்தில் அவருடைய மனைவி செல்லத்தாய் வீட்டில் தங்கினோம். செல்லத்தாய் இன்னும் பட்டாசு ஆலைக்குத்தான் போகிறாள், சரம் பின்னும் வேலை. கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தவள், எங்களைப் பார்த்து முகம் மலர்ந்தும் உடனே உள்ளே வரவில்லை. வாசல் கதவின் பித்தளைக் குமிழைத் தொட்டு ஒரு நொடி நின்றுவிட்டு வந்தாள்.

“வாங்கண்ணே, சாப்பிட்டீகளா? ஏட்டி நித்யா, இம்புட்டு வளந்துட்டியா!”

நித்யாவுக்குக் கண் குமிழ்மேலேயே இருந்தது. “அத்தை, அத ஏன் தொட்டீங்க?”

“அதுவா? வேல பாக்குற எடத்துல வாசல்ல செம்புத் தகடு இருக்கும், தாயி. தொடாம உள்ள போகக் கூடாது. கை பழகிப்போச்சு, இங்கன வந்தாலும் எதையாச்சும் தொட்டுக்கிட்டுத்தான் வருது.” காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “நீ என்னமோ துப்பாக்கி சுடுறியாம்ல? எம்புட்டு தூரம்?”

“ஆயிரம் கெஜம்.”

“ஆத்தாடி! அம்புட்டு தூரத்துல யார நிப்பாட்டி வச்சிருப்பாக?”

“யாரும் இல்ல அத்தை. பேப்பர்.”

“பேப்பரா! நாங்க பேப்பருக்குள்ள மருந்த வச்சுச் சுத்துறோம். நீ மருந்த வச்சு பேப்பர ஓட்ட போடுற. கப்பல் ஏறிப் போயும் நம்ம பொழப்புதானா?” என்று செல்லத்தாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி மிரண்டு ஓடியது. நித்யா அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் வெகுநாளாகக் கேட்கவில்லை.

பேச்சியால் பொறுக்க முடியவில்லை. “சிரிக்காதீக மதினி. வீட்டுலயே மருந்து வச்சு அடைக்கணுங்கா. நீங்களாச்சும் சொல்லுங்க. அண்ணனும் அன்னைக்கு அந்தத் தகட்டத் தொட்டுட்டுத்தான போச்சு?”

செல்லத்தாய் சிரிப்பை நிறுத்தினாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

“தொட்டுட்டுத்தான் போனாக. தொட்டாலும் சில நேரம் போயிருது. அதுக்காகத் தொடாமப் போக முடியுமா?” பிறகு பேச்சியை மட்டும் பார்த்துச் சொன்னாள். “எம் மக இதுக்குள்ள வரக் கூடாதுன்னுதான் நான் இன்னும் போய்க்கிட்டு இருக்கேன். அவ நர்சு படிக்கா. உம் மகளுக்கு அப்பிடி ஒரு கதி இல்ல, ஆசப்பட்டுச் செய்யிதா. வேண்டாம்னா விடப் போறாளா? எவன் வீட்டுலயாச்சும் செய்வா. தீப்பிடிச்சா ஓடி வர அந்த எடத்துக்கு வாசல் ஒண்ணா ரெண்டான்னு உனக்குத் தெரியுமா? நம்ம கண்ணு முன்னால செஞ்சா, வாசலாச்சும் நாம வைக்கலாம்ல.”

நித்யா எழுந்து வெளியே போனாள். நாங்கள் பேசுவது முழுக்க அவளுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, குமிழைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

6

திரும்பி வந்ததும் பேச்சி ஷெட்டுக்குள் இறங்கினாள். என்னிடம் அபிப்பிராயம் கேட்கவில்லை, வேலை சொன்னாள்.

“மொதல்ல ரெண்டு வாசல்.” கார் நுழையும் பெரிய கதவு ஒன்று. பக்கக் கதவைத் துணி துவைக்கும் மெஷின் மறித்திருந்தது. மெஷினை நகர்த்தினேன், அதற்காகக் குழாயை மாற்றினேன். தரைக்கு ரப்பர் விரிப்பு. ஜன்னலுக்கு நைலான் திரையைக் கழற்றிவிட்டு, தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துத் தைத்து மாட்டினாள். கொண்டை ஊசி, கைபேசி, தீப்பெட்டி எதுவும் கதவைத் தாண்டக் கூடாது என்று, வெளியே ஒரு மரத் தட்டு வைத்தாள். தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். அண்ணன் வீட்டில் பேசக் கேட்டதையெல்லாம் இத்தனை வருஷமாக அவள் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசியாகத் தகடு. “இரும்பு ஆணி அடிச்சிராதீக. பித்தளதான் வேணும். இரும்புன்னா பொறி பறக்கும்.” பித்தளைத் திருகாணி தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றாவது கடைக்காரன் தகட்டைப் பார்த்து இது எதற்கு என்றான். தொடுவதற்கு என்றேன். எதைத் தொடுவதற்கு என்றான். இதையேதான் என்றேன். என்னுடைய ஆங்கிலம்தான் தவறு என்று நினைத்து, அவன் இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நித்யாவைச் சாப்பிடக் கூப்பிட்டோம். ஊரிலிருந்து வந்த கையோடு அவளுக்குப் பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தது. கீத் வீடு அதற்குப் பக்கம். அங்கே மாடியறையை வாடகைக்கு எடுத்திருந்தாள். மெஷின் நகர்த்திய நாட்களில்தான் அதை எங்களுக்குப் போனில் சொன்னாள். நாங்கள் ஷெட் விஷயத்தைப் போனில் சொல்லவில்லை. நேரில் காட்டலாம் என்று பேச்சி சொல்லியிருந்தாள்.

பேச்சி அவளைக் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். நித்யா தகட்டைப் பார்த்தாள். தொட்டாள். உள்ளே போய் மேசையை, திரையை, இரண்டு கதவையும் பார்த்தாள். திரைத் துணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ரொம்ப நல்லா இருக்கும்மா.”

“இனிமே இங்கனயே செய். அப்பா அளந்து தருவாக.”

“அம்மா… அங்க எல்லாம் செட் பண்ணியாச்சும்மா. குண்டு செருகுற பிரஸ்ஸ போல்ட் போட்டு முடுக்கியாச்சு. கிளாஸ் முடிஞ்சு ராத்திரிதான் டைம் கிடைக்குது, அவ்ளோ தூரத்துல இருந்து…” முடிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். இந்த முறையும் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

“சரி, சோறு ஆறுது. வா” என்றாள் பேச்சி.

அந்த மேசையில் இப்போது அரிசி மூட்டையும் ஊரிலிருந்து வந்த வத்தலும் இருக்கின்றன. அரிசி எடுக்கப் போகும்போது பேச்சி தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போகிறாள். மூலையில் உட்கார்ந்து நான் மஞ்சள் பெட்டிக் குண்டுகளை எடை பிரிக்கிறேன்.

7

காலையில் தொடங்கியதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம் என்று உட்கார்கிறேன்.

மதியம் பேச்சி காராச்சேவை ஒரு டப்பாவில் போட்டு, “நித்யாகிட்ட மாமாவுக்குப் படைச்சதுன்னு சொல்லிக் குடுங்க” என்றாள். பிரித்து முடித்த ஒரு பெட்டிக் குண்டையும் எடுத்துக்கொண்டேன். மகள் வாரம் ஒருமுறை போனில் பேசுகிறாள், நாங்கள்தான் கீத் வீட்டுக்கு இதுவரை போனதில்லை. நான் போனபோது நித்யா சுடும் மைதானத்திலிருந்து திரும்பவில்லை. கீத் தோட்டத்தில் நின்றார். குண்டுப் பெட்டியை கராஜிலேயே வைத்துவிடலாம் என்று முன்னே நடந்தார். பெரிய மனிதர், கொஞ்சம் நொண்டுகிறார். கதவருகே நின்று, நிலையின் பக்கத்தில் கையை உயர்த்தாமலே தொடக்கூடிய இடத்தில், எதையோ தொட்டார்.

செப்புத் தகடு. எங்கள் வீட்டில் இருப்பதைவிடச் சின்னது, ஓரம் கோணலாக வெட்டியது. ஒரு கம்பி இறங்கி ரோஜாச் செடியடியில் போயிற்று.

“உங்கள் மகள் குடிவந்த வாரமே மாட்டிவிட்டாள்” என்றார் கீத். “தொடாவிட்டால் என் கராஜுக்குள் என்னையே விடமாட்டாள். போன மாதம் மறந்து போனேன், திருப்பி வெளியே அனுப்பித் தொட்டுவிட்டு வரச் சொன்னாள்.”

நானும் தொட்டேன். உள்ளே போனேன். மேசையில் பிரஸ், தராசு, பச்சைப் பெட்டிகள் இரண்டு திறந்தபடி. மேல் அலமாரியில் மஞ்சள் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. என் கையெழுத்து. நான் கொடுத்த அத்தனையும் அங்கே இருந்தன என்று நினைக்கிறேன். நான் ஒட்டிக் கொடுத்த டேப் ஒன்றிலும் பிரியவில்லை. தூசியும் இல்லை, துடைத்துத்தான் வைத்திருந்தாள். கையிலிருந்த பெட்டியை அந்த வரிசையின் கடைசியில் வைத்தேன். அவளுடைய பேரலுக்குப் பச்சைதான் ஒத்துப்போகிறது, வேறு மஞ்சள் பெட்டி வாங்கி எவ்வளவோ ஆழம் மாற்றிப் பார்த்தாள் என்று கீத் ஏதோ சமாதானம் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். தெரியாது.

நித்யாவுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பேச்சி அண்ணன் படத்துக்கு முன் விளக்கைத் தூண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் பெட்டிகளைப் பற்றிச் சொல்லவில்லை. தகட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். கீத்தைத் திருப்பி அனுப்பிய கதையையும் சொன்னேன். அவள் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எத்தன வாசல்?”

“ரெண்டு. பின்னால தோட்டத்துக்கு ஒண்ணு இருக்கு.”

“தகட்ட எதுல அடிச்சிருக்கா? இரும்பா, பித்தளையா?”

ஒரு குண்டின் தோள் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறவன் நான். கையால் தொட்டும் அதைப் பார்க்கவில்லை.

“பாக்கலியே” என்றேன்.

அவள் எழுந்து ஷெட்டுப் பக்கம் போனாள். தகட்டருகே ஒரு நொடி நின்றது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. உள்ளே தகர டப்பா திறக்கும் சத்தம். திரும்பி வந்து, அன்றைக்கு மிஞ்சிய பித்தளைத் திருகாணிகளைக் காகிதத்தில் மடித்து, கார் சாவி பக்கத்தில் வைத்தாள்.

“நாளைக்கு வேலைக்குப் போற வழிதான அது?” என்றாள்.

கீத் வீடு நான் போகும் வழியில் இல்லை. நேர் எதிர்த் திசை. அது அவளுக்கும் தெரியும்.

“ஆமா, வழிதான்” என்றேன்.